பக்கத்து அறை

மாங்குளம் பொலிஸ் நிலையத்தில்
பக்கத்து அறைக்குள் அன்று இருந்தவை:
மணல் ஏற்றிப் பிடிபட்ட உழவு இயந்திரத்தின் பற்றரி இரண்டு,
வழக்கு முடியாத முதிரைக் குற்றிகள்,
கால் உடைந்த கதிரை,
ஒரு பல்லி.
ஆள் இல்லை.
எனக்குத் தெரியும், சாவி என் இடுப்பில்.

களவு போனது தண்ணீர் இறைக்கும் மோட்டர்,
பனிக்கன்குளத்தில் ஒரு கச்சான் தோட்டத்துக் கிணற்றடியில்.
பிடித்து வந்தது சசிரூபனை.
ஐயா சிங்களத்தில் கேட்பார், நான் தமிழில் கேட்பேன்.
அவன் தமிழில் இல்லை என்பான், நான் சிங்களத்தில் இல்லை என்பேன்.
மத்தியானம் வரைக்கும்
எங்கள் மூவருக்கும் நடுவில் அந்த ஒரு சொல்தான்
போய் வந்துகொண்டிருந்தது.

ஐயா கெட்டவர் இல்லை. கை நீட்டமாட்டார்.
அடித்தால் தழும்பு, தழும்பென்றால் விசாரணை,
பொய்க்குத் தழும்பில்லை என்பார்.
மேசையில் கிடந்த குடும்ப விபரப் பத்திரத்தைப் புரட்டினார்.
"இரண்டாவதாக யார்?"
வாசித்தேன்: குணசீலன். அண்ணன்.
"அவன் எங்களிடம் இருக்கிறான் என்று சொல்.
பக்கத்து அறையில். எல்லாம் சொல்லிவிட்டான் என்று சொல்."

சொன்னேன்.
சொல்லி முடிக்கமுன் சசிரூபன் எழும்பிவிட்டான்.
கதிரை பின்னால் விழுந்தது.
"உயிரோட இருக்கிறானோ?"

அப்போதுதான் விளங்கியது.
வட்டுவாகலில் கடைசியாகக் கண்ட ஆள்.
தாய் வெட்ட விடாத பெயர்,
ஒவ்வொரு வருடமும் கிராம அலுவலரின் பேனையைப் பிடித்து நிறுத்திய பெயர்.
ஐயாவுக்கு அது தெரியாது. அவருக்கு அது ஒரு பெயர் மட்டும்.
"என்ன கேட்கிறான்?"
மொழிபெயர்த்தேன்.
ஐயா என்னைப் பார்த்தார், பத்திரத்தைப் பார்த்தார்,
பேனையை மூடித் திறந்தார்.
"ஓம் என்று சொல்."

ஓர் உயிர், ஒரு மெய்.
அவ்வளவுதான் அந்தச் சொல்.
என் வாயால்தான் சொன்னேன்.

பிறகு அவன் எதையும் வாசிக்கவில்லை.
எங்க வைக்கோணும், எத்தனை தரம் என்று மட்டும் கேட்டான்.
முறிகண்டிப் பிள்ளையாரைக் களவெடுத்தது நீதானே என்றிருந்தால்
அதற்கும் வைத்திருப்பான்.
நீதவான் கேட்டபோதும் குற்றவாளி என்றான்.
கண் மட்டும் கதவில்.

மோட்டரை எடுத்தது அவன்தானா?
இன்றுவரை எனக்குத் தெரியாது.
ஐயாவுக்கும் தெரியாது.
உண்மையைப் பிடிக்கப் போன இடத்தில்
அதன் காலடித் தடத்தையும் நாங்களே மிதித்து அழித்தோம்.

போன மாதம் வவுனியாவில் கூட்டம்.
வெள்ளைச் சட்டை போட்ட சட்டத்தரணிப் பிள்ளையொன்று
படிவம் தந்தது.
காவலில் உள்ளவரை விசாரிக்கையில்
பொலிஸார் பொய் சொல்வதற்கு எல்லை வேண்டுமா?
கைரேகை கிடைத்தது எனலாமா?
கூட்டாளி காட்டிக்கொடுத்தான் எனலாமா?
கருத்து: மூன்று கோடு.

கைரேகையைப் பற்றி எனக்குப் பெரிய யோசனை இல்லை, பிள்ளை.
படித்தவர்கள் பேசித் தீருங்கள்.
எனக்கு ஒரு வரி போதும்:
இல்லாத ஆளை
பக்கத்து அறையில் இருத்தக்கூடாது.
வேறு ஊர்களில் அது தந்திரமாக இருக்கலாம்.
இங்கே, இந்த வன்னியில்,
அந்த ஒரு வசனத்துக்காக
பதினைந்து வருடமாய்க் கொட்டகை போட்டு
தெருவில் இருக்கிறார்கள்.

மிச்ச இரண்டு கோட்டில் எழுத இருந்தது, எழுதவில்லை:

அடுத்த நாள் தாய் வந்தாள்.
கையில் சோற்றுப் பார்சல் இரண்டு.
ஒன்றில் எஸ் எழுதியிருந்தது, மற்றதில் ஜி.
ஐயா கிளிநொச்சிக்குப் போயிருந்தார்.
நான் எதுவும் சொல்லவில்லை. சாவியை எடுத்துத் திறந்தேன்.
உள்ளே போனாள்.
முதிரைக் குற்றிகளுக்குப் பின்னால் குனிந்து பார்த்தாள்.
பல்லி ஓடியது.
வெளியே வந்து சேலையில் தூசு தட்டிக்கொண்டு
மெதுவாகத்தான் கேட்டாள்:

"வேற அறை இருக்கோ, தம்பி?"